தாளப்பெட்டிக்குள் ஒரு குமிழ்

மேளக்காரர்களும், மைக் செட் தொழில் செய்பவர்களும், ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும் அவை இது. மூன்று தரப்பாருக்கும் பொதுவான ஒரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய டிஜிட்டல் டிரம் மெஷின் போன்ற கருவியைத் திறந்து, தயாரித்தவர் நினைத்தே பார்த்திராத இணைப்புகளை அதன் சர்க்யூட்டில் கொடுத்து, புதிய ஓசைகளை வரவழைக்கும் வேலைக்கு சர்க்யூட் பெண்டிங், அதாவது சர்க்யூட்டை வளைத்தல், என்று பெயர். அந்த வேலையில் பொட்டென்ஷியோமீட்டருக்கு என்ன இடம் என்பதே இன்றைய பேச்சு. மெக்கானிக் கடைகளில் வால்யூம் கன்ட்ரோல் என்று கேட்டு வாங்குகிறோமே, அதே பாகம்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயரும் சுவிட்சும் மட்டும் போட்டு மாற்றிய தாளப்பெட்டி, விரும்பியபோது கெட்டுப்போகிற பெட்டி, அவ்வளவுதான். தகுந்த மதிப்பும் தகுந்த வகையும் பார்த்துப் பொட்டென்ஷியோமீட்டரை உரிய இடத்தில் பொருத்திய பிறகே அது வாத்தியமாகிறது. ஆகவே குமிழைப் பொருத்துவதைக் கடைசியில் செய்கிற அலங்கார வேலையாக நினைக்கக் கூடாது. காதும் கணக்கும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய இடம் அதுதான்.

இந்தக் கலைக்கு ஒரு தொடக்கம் உண்டு. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தைச் சேர்ந்த ரீட் கஸாலா பள்ளி மாணவராக இருந்த 1960களில், பின்மூடி கழன்ற சிறு ஆம்ப்ளிஃபயர் ஒன்று மேசை இழுப்பறைக்குள் ஏதோ உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகி, சிந்தசைசர் போலக் கூவத் தொடங்கியது. தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே செய்தால் என்ன என்று அவர் கேட்டுக்கொண்டார். சர்க்யூட் பெண்டிங் என்ற பெயரை 1992-இல் அவரே வைத்தார். 1978-இல் வந்த ஸ்பீக் அண்ட் ஸ்பெல் என்ற பேசும் பொம்மை, 1986-இல் வந்த கேசியோ எஸ்கே-1 கீபோர்டு, அதே ஆண்டின் ரோலண்ட் டிஆர்-505, 1987-இன் அலெசிஸ் எச்ஆர்-16 ஆகியவை இந்த வேலைக்குப் பேர்போனவை. கடைசி இரண்டும் டிஜிட்டல் டிரம் மெஷின்கள். உண்மையான முரசுகளின் ஓசையைப் பதிவு செய்து, எண்களாக மாற்றி, ரோம் என்னும் நினைவக ஐசியில் எழுதி வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் அந்த எண்கள் வரிசையாக வாசிக்கப்பட்டு மறுபடி ஓசையாகின்றன. வளைக்க வேண்டியது அந்த வாசிப்பைத்தான்.

ஏன் வளைக்க வேண்டும்? நம் மேளங்களிடமே கேட்போம். மிருதங்கத்தின் தொப்பியில் இடக்கை அழுத்தி நகரும்போது எழும் கும்கி ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்கிறது. நையாண்டி மேளத்தில் உறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது அது அழுது ஏறுகிறதே, அந்த ஏற்றத்தில் படிக்கட்டு கிடையாது. இரண்டு நிலைகளுக்கு நடுவிலுள்ள இடம் முழுவதும் வாசிப்பவரின் கைக்குள் இருக்கிறது. தொடக்க கால மின்னணுத் தாளக் கருவிகளும் இதை ஓரளவு மதித்தன. 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 எண்களிலிருந்து ஓசை எடுக்கவில்லை. மின்சுற்றிலேயே ஓசையைப் பிறப்பித்தது. அதன் முகப்பில் கீழ்முரசின் நீளத்துக்கு ஒரு குமிழ், தன்மைக்கு ஒரு குமிழ் என்று வரிசையாக இருந்தன. மும்பைத் திரைப்பட இசைக் கலைஞர் சரண்ஜித் சிங் அதையும் டிபி-303, ஜூபிட்டர்-8 என்னும் வேறு இரண்டு ரோலண்ட் கருவிகளையும் கொண்டு 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டை உலகம் பல ஆண்டு கழித்துத்தான் வியந்து கேட்டது. பெங்களூரில் ராடெல் நிறுவனத்தைத் தொடங்கிய ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவையும், பின்னர் தாள்மாலா என்ற மின்னணுத் தபலாவையும் கொண்டுவந்தார். டிஜிட்டல் பக்கத்தில் ரோஜர் லின் 1980-இல் கொண்டுவந்த எல்எம்-1, ஒவ்வொரு முரசின் சுருதியையும் தனித்தனியே ஏற்றி இறக்க இடம் தந்தது. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் அதைப் பயன்படுத்தி ஓசைகளைத் தாழ்த்தித் தம் பாட்டுகளுக்கென்றே ஒரு தாள ஒலியை உண்டாக்கிக்கொண்டார். அடுத்தடுத்து மலிவு விலையில் வந்த மெஷின்களில் பொத்தானும் மெனுவும் பெருகின, குமிழ்கள் குறைந்தன. அடித்தால் எப்போதும் அதே அடி. உள்ளே கிடக்கும் ஓசைக்கும் வாசிப்பவர் கைக்கும் நடுவே இருந்த வழி அடைபட்டது. பொட்டென்ஷியோமீட்டர் அந்த வழியைத் திறக்கிறது.

முதலில் திறக்க வேண்டிய இடம் கிளாக். எண்களை எந்த வேகத்தில் வாசிப்பது என்பதைத் தீர்மானிக்கும் துடிப்பு அது. துடிப்பைப் பாதியாக்கினால் ஓசை ஒரு ஸ்தாயி இறங்கும், இரண்டு மடங்கு நீளும்; பதிவின் கரடுமுரடு வெளியே தெரியத் தொடங்கும். ஸ்நேர் முரசு பாறை சரிவதுபோல் கேட்கும், சிம்பல் பட்டறைச் சத்தமாகும். மலிவான மெஷின்களிலும் பொம்மைகளிலும் இந்தத் துடிப்பைப் பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டருமே உண்டாக்குகின்றன. அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுப் பொட்டென்ஷியோமீட்டர் வைத்தால் சுருதி கையில் வந்துவிடும். கிரிஸ்டல் வைத்த மெஷினில் இது நடக்காது. கிரிஸ்டல் தன் அதிர்வெண்ணை விட்டு நகராது. பக்கத்தில் எந்த ரெசிஸ்டரை மாற்றினாலும் அது ஓடும், அல்லது நின்றுவிடும். அங்கே கிரிஸ்டலையே எடுத்துவிட்டு எல்டிசி1799 போன்ற ஒரு ஐசியை வைக்கிறார்கள். ஒரே ஒரு ரெசிஸ்டரைக் கொண்டு 1 கிலோஹெர்ட்ஸ் முதல் 33 மெகாஹெர்ட்ஸ் வரை அதில் துடிப்பை வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓசையை வாசிக்கும் கிளாக்கும் மெஷினின் மூளையை ஓட்டும் கிளாக்கும் ஒன்றாக இருந்தால், சுருதியோடு காலப்பிரமாணமும் சேர்ந்து இறங்கிவிடும். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய வேறுபாடு. இரண்டும் தனித்தனியா என்று சர்க்யூட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் கை வைக்கக் கூடாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். துடிப்பின் வேகம் மின்தடைக்குத் தலைகீழ் விகிதத்தில் போகிறது. 10 கிலோ ஓம் நிலையான ரெசிஸ்டரோடு 1 மெகா ஓம் பொட்டென்ஷியோமீட்டரைத் தொடராக வைத்தோம் என்று கொள்வோம். அது லீனியர் வகை, அதாவது திருகும் அளவுக்கு நேர் விகிதத்தில் மின்தடை மாறுவது. முழு மின்தடை 1010 கிலோ ஓம். குமிழைச் சரிபாதி திருகினால் 510. ஏறக்குறையப் பாதி, ஆகவே சுருதி ஒரே ஒரு ஸ்தாயிதான் ஏறியிருக்கும். அடுத்த கால் சுழற்சியில் இன்னொரு ஸ்தாயி. கடைசிப் பத்தில் ஒரு பங்கு சுழற்சியில் 110-லிருந்து 10-க்கு இறங்குகிறது, அது பதினொரு மடங்கு. மூன்றரை ஸ்தாயி ஒரே தாவலில் போய்விடும். குமிழின் முதல் பாதியில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், கடைசியில் மயிரிழை நகர்த்தினால் எல்லாம் தலைகீழாகும். இதை அனுபவித்தவர்கள் மெஷின் சரியில்லை என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். மெஷின்மேல் குற்றமில்லை. பெரிய மதிப்பு இருந்தால் பெரிய வீச்சு கிடைக்கும் என்ற நினைப்புதான் தவறு. இரண்டு ஸ்தாயி போதும் என்றால், நிலையான ரெசிஸ்டரைப் போல மூன்று மடங்கு மதிப்புள்ள பொட்டென்ஷியோமீட்டர் போதும். 33 கிலோவுக்கு 100 கிலோ. மொத்தம் நான்கு மடங்கு மாறும், அதுவே இரண்டு ஸ்தாயி. அந்த வீச்சில் லீனியர் வகையே கைக்கு அடங்கும். அதைவிட அகலமாக வேண்டுமென்றால் லாக் வகையை வாங்குங்கள். பாதிச் சுழற்சியில் அதன் மின்தடை மொத்தத்தில் பத்து, பதினைந்து சதவீதம்தான் இருக்கும். அதன் மூன்று கால்களில் முதற்காலையும் நடுக்காலையும் எடுத்து இணைத்தால் ஸ்தாயிகள் குமிழின் வட்டம் முழுக்கப் பரவலாக வந்துவிடும். வலப்புறம் திருகச் சுருதி இறங்கும், அதற்குக் கை பழகிக்கொள்ளும். பழகாது என்பவர்கள் ரிவர்ஸ் லாக் வகையைத் தேட வேண்டும். அது கடையில் எளிதில் கிடைப்பதில்லை.

லாக் என்றதும் படிப்பை நிறுத்தியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். பட்டாசுத் தொழில் நடக்கும் இந்த ஆலங்குளம் வட்டாரம் அந்தக் கணக்கோடுதான் பிழைக்கிறது. பட்டாசுச் சத்தத்துக்கு மத்திய அரசு 1999-இல் வகுத்த விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது ஓர் அளவு. சரவெடியானால், சரத்திலுள்ள ஒவ்வொரு வெடிக்கும் அந்த வரம்பு குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்றால், சரத்திலுள்ள வெடிகளின் எண்ணிக்கைக்கு லாக், அதாவது மடக்கை, எடுத்து 5-ஆல் பெருக்கிய அளவு. 100 வெடி கோத்தால் 10 டெசிபெல் கழியும். 1000 கோத்தால் 15. எண்ணிக்கை பத்து மடங்கானாலும் கழிவு ஐந்துதான் கூடுகிறது. சரவெடிக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது வேறு கதை. மனிதக் காதும் சத்தத்தை அந்த விதியைப் போலவே மடங்கு மடங்காகத்தான் உணர்கிறது. சுருதியையும் காது அப்படியே உணர்கிறது. ஒவ்வொரு ஸ்தாயியும் இரண்டு மடங்கு. ஒலியளவுக் குமிழுக்கு லாக் வகை வைப்பதற்கும், கிளாக்கில் லாக் வகையைப் பரிந்துரைப்பதற்கும் காரணம் ஒன்றே. குமிழ் கருவியின் கணக்கை விட்டுக் காதின் கணக்குக்கு ஒத்துப்போக வேண்டும்.

இனி ஒரு தடை. டிஜிட்டல் என்றாலே 0 அல்லது 1, நடுவில் ஒன்றும் இல்லை; கிளாக்கைத் தவிர வேறு இடத்தில் பொட்டென்ஷியோமீட்டர் வைத்து என்ன பயன், சுவிட்ச் போதாதா என்று எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 0, 1 என்பது நாம் வைத்த பெயர். ஐசிக்குள் ஓடுவது வோல்ட். பழைய டிடிஎல் ஐசிகளில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 0, 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் 1. இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் என்ன என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரோமின் இரண்டு டேட்டா கால்களைப் பொட்டென்ஷியோமீட்டர் வழியாக இணைத்தால், ஒரு கால் 1 என்றும் மற்றது 0 என்றும் சொல்லும் நேரத்தில் இரண்டும் இழுபறி செய்கின்றன. வோல்டேஜ் அந்த நடுப்பகுதிக்கு வருகிறது. சில எண்கள் தவறாக வாசிக்கப்படுகின்றன, சில தப்பிக்கின்றன. எத்தனை தவறும் என்பதை உங்கள் விரல் தீர்மானிக்கிறது. சுவிட்ச் போட்டால் முழுத் தவறு, எடுத்தால் முழுச் சரி. இங்கேயும் மதிப்பு முக்கியம். ஐசியின் கால் தன் நிலையைக் காத்துக்கொள்ளும் வலிமைக்கு நிகரான மின்தடையில்தான் இழுபறி நடக்கும். 100 கிலோ வைத்தால் வட்டத்தின் பெரும்பகுதி வீண்; 1 கிலோ, 5 கிலோ என்று சிறிதாக வைக்க வேண்டும். அதோடு 220 ஓம் அளவில் நிலையான ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்தால், குமிழைக் கடைசி வரை திருகினாலும் 5 வோல்ட்டில் 23 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயாது.

இன்னொரு முறை உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. டேட்டா பாதையை வெட்டி, வெட்டிய இடத்தில் பொட்டென்ஷியோமீட்டரைத் தொடராக வைப்பது. எதிர்முனையில் இருக்கும் ஐசியின் காலுக்கு இயல்பாகவே 10 பிகோஃபாரட் அளவில் ஒரு கெபாசிட்டன்ஸ் உண்டு. 100 கிலோ ஓம் வழியாக அதை நிரப்ப ஒரு மைக்ரோ வினாடி பிடிக்கும். அந்தக் கால மெஷின்கள் நினைவகத்தை வாசிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய தாமதம் அல்ல. சேதி தாமதமாகப் போய்ச் சேர்கிறது; அதற்குள் வாசிப்பு முடிந்து, முந்தைய எண்ணின் மிச்சம் இந்த எண்ணில் ஒட்டிக்கொள்கிறது. இங்கே பெரிய மதிப்புதான் வேலை செய்யும், முன் சொன்னதற்கு நேர் எதிர். எந்தக் காலை வெட்டுகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். எட்டு பிட் பதிவில் கடைசி பிட்டின் எடை 1, முதல் பிட்டின் எடை 128. கடைசி பிட்டைக் கெடுத்தால் முரசின்மேல் மெல்லிய மணல் தூவியதுபோல் இருக்கும்; முதல் பிட்டைக் கெடுத்தால் ஓசை கிழிந்து அலறும். தாள வாத்தியம் என்ற நிலையைக் காக்க விரும்புகிறவர்கள் கீழ் பிட்டுகளில் தொடங்குவது நல்லது. ஒரே பாகம், ஒரே மெஷின்; இணைக்கும் முறை மாறினால் வேண்டிய மதிப்பு நூறு மடங்கு மாறுகிறது. கைக்குக் கிடைத்த வால்யூம் கன்ட்ரோலை வைத்துப் பார்ப்போம் என்பது ஏன் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மெஷின் பாழாகும் என்ற அச்சம் அடுத்தது. பாழாகலாம், மறுக்கவில்லை. ஆனால் பாழாகும் வழிகள் தெரிந்தவை, ஒவ்வொன்றுக்கும் மாற்று உண்டு. கிளாக்கில் மின்தடை சுழியத்தைத் தொட்டால் மெஷின் உறைந்துவிடும். அதனால்தான் நிலையான ரெசிஸ்டர். எந்த இடத்தில் உறைகிறது என்று கிளிப் ஒயரோடு முதலில் சோதித்து, மல்டிமீட்டரில் அளந்து, அதைவிடச் சற்றுப் பெரிய ரெசிஸ்டரைப் போட வேண்டும். பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்கால் தடத்திலிருந்து கணநேரம் தூக்கிக்கொண்டால் இணைப்பே அறுந்ததாக ஆகித் துடிப்பு நின்றுவிடும். பயன்படாமல் கிடக்கும் மூன்றாவது காலை நடுக்காலோடு சேர்த்துப் பற்றவைத்தால், தூக்கிக்கொண்டாலும் முழுத் தடத்தின் மின்தடை மிஞ்சும். சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல்லும் உள்ள ஆலங்குளத்தில் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த கார்பன் தடத்தில் தூசி படிந்தால் கரகரப்பு வரும். ஒலியளவில் அது வெறும் எரிச்சல். கிளாக்கில் வந்தால் மெஷினையே நிறுத்தும். மூடிய வகையை வாங்குங்கள். மெஷினுக்குப் போகும் மின்சாரத்தையே பொட்டென்ஷியோமீட்டரால் குறைத்துப் பட்டினி போடும் முறையும் பரவலாக உள்ளது. அதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். 200 மில்லி ஆம்பியர் இழுக்கும் மெஷினில் 2 வோல்ட் குறைக்க 10 ஓம் போதும், அங்கே 0.4 வாட் வெப்பம் எழும். கால் வாட் தாங்கும் சிறு பாகத்தில், அதுவும் தடத்தின் ஒரு நுனியில் அவ்வளவு வெப்பம் எழுந்தால் தடம் கருகிவிடும்.

இதெல்லாம் இசையா, இரைச்சலா என்று மேளக்காரர்கள் கேட்டால் அதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கச்சேரி மேடையில் பின்னணிக்குச் சுத்தமான தாளம் வேண்டுமென்றால் இந்த மெஷின் உதவாது, அதற்கு நல்ல ரிதம் பேட் இருக்கிறது. ஆனால் சுரத்தில் அடங்காத ஓசையை நம் மரபு ஒதுக்கவில்லை. உறுமியின் அழுகையை எந்தச் சுரத்தில் எழுதுவது? அதை இசையாக்குவது, வாசிப்பவர் வேண்டியபோது வேண்டிய அளவுக்கு அதை வரவழைக்கிறார் என்பதே. வளைத்த மெஷினிலும் அளவுகோல் அதுவே. குமிழைச் சுற்றி வட்டத்தில் குறிகள் போட்டு, நாளைக்கும் அதே இடத்தில் அதே ஓசை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதைத் தாளத்தில் கோக்கலாம். சில இடங்களில் வராது, மெஷின் தன்போக்கில் போகும். அந்த இடங்கள் எங்கே தொடங்குகின்றன என்று தெரிந்திருந்தால் போதும், வாசிப்பவர் எல்லையில் நின்று விளையாடலாம். இன்னும் சிலர், போனில் ஒரு ஆப் இறக்கினால் இதே ஓசை வருகிறதே என்பார்கள். வரும், பெரும்பாலும் வரும். ஆனால் ஆப்பில் குமிழின் வீச்சையும் வளைவையும் வேறொருவர் முடிவு செய்துவிட்டார். நமக்குக் கிடைப்பது அவருடைய முடிவு. இங்கே மின்தடையும் ஸ்தாயியும் விரலும் எப்படி ஒன்றோடொன்று இணைகின்றன என்பதை மாணவர் தாமே கண்டுபிடிக்கிறார், அதைத் தம் மரபின் காதுக்கேற்ப அமைக்கிறார். உறுமி கேட்டு வளர்ந்த ஒருவர் அமைக்கும் வீச்சும் சின்சினாட்டியில் அமைக்கும் வீச்சும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. பழைய கீபோர்டுகளும் தாளப்பெட்டிகளும் காயலான் கடைக்கு எடைக்குப் போகும் காலம் இது. அவற்றில் ஒன்றிரண்டை வாத்தியமாக்குவது வீண் வேலை என்று நான் நினைக்கவில்லை.

செய்ய விரும்புகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். பேட்டரியில் ஓடும் மெஷினை மட்டும் திறவுங்கள். வீட்டுக் கரண்ட் நேராக உள்ளே போகும் எதையும் தொடாதீர்கள். 5 வோல்ட் ஐசியின் காலை 9 வோல்ட் ஒயரோடு எந்தக் குமிழ் வழியாகவும் இணைக்காதீர்கள், அது ஐசியைக் கொல்லும். சாதகத்துக்குப் பயன்படும் நல்ல தாள்மாலாவையோ தம்புராவையோ எடுத்துச் சோதிக்க வேண்டாம். இந்த ஊர்ப் பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும்: திரியோ மருந்தோ காகிதக் குழாயோ இருக்கும் வீட்டில், அவற்றைக் கையாண்ட உடையோடு, சால்டரிங் அயனைச் சூடாக்கவே கூடாது, எந்த ஓசையும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது. ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். வேலை முடிந்ததும் எந்த ஐசியின் எந்தக் காலில் என்ன மதிப்பு, லீனியரா லாக்கா, எத்தனை ஓமில் மெஷின் உறைகிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு அது பயன்படும்.